அருவிக்கரையில் எடுத்த ஆறு படங்கள்

நடந்ததைத்தான் எழுதுகிறேன். பட்டப்பகலில் நடந்தது. கீழே கடையில் ஆட்கள் இருந்தார்கள். வெளியே ரோட்டில் பஸ் போய்க்கொண்டிருந்தது. எனக்குக் காய்ச்சல் இல்லை. நான் எந்த மாத்திரையும் போடவில்லை. என் இடது காதுக்குப் பின்னால் தையல் போட்ட தழும்பு இருக்கிறது. முடியை ஒதுக்கினால் தெரியும். அந்த அடியை அடித்தது யார் என்று போலீஸ் என்னிடம் பலமுறை கேட்டது.

என் பெயர் மலர்விழி. கள்ளக்குறிச்சியில் துருகம் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடை, அதன் மாடியில் ஒரே ஒரு அறை. பழைய போட்டோ, பிலிம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொடுப்பதுதான் என் தொழில். கல்யாண ஆல்பம், பூச்சி அரித்த பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோ, செத்துப்போனவரின் ஒரே படம்... எல்லாம் வரும். பகல் முழுக்க ஊரார் வீட்டுச் செத்தவர்களோடுதான் உட்கார்ந்திருப்பேன். ஒருநாளும் பயந்தது கிடையாது.

போன ஆவணியில் ராதிகா அக்கா மாடியேறி வந்தார். சங்கராபுரம் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். நாற்பதை நெருங்கும் வயது. அவருடைய அப்பா சுப்புராயனுக்கு எழுபது வயது நிறைகிறது. மண்டபம் பிடித்திருந்தார்கள். மேடையில் பெரிய திரை கட்டி, குடும்பத்தின் பழைய படங்களை ஓடவிட வேண்டும். அதற்காக ஒரு தடித்த ஆல்பத்தைக் கொண்டுவந்திருந்தார்.

"போன்லயே புடிச்சிடலாம்னு பாத்தேன் மலரு. கண்ணாடி மாதிரி பளபளன்னு அடிக்குது. ஒரு மூஞ்சியும் தெளிவா இல்ல."

எல்லோரும் முதலில் போனில்தான் எடுத்துப் பார்ப்பார்கள். வாட்ஸ்ஆப்பில் அனுப்ப அது போதும். பெரிய திரைக்கு ஆகாது. பிரிண்ட் போட்ட அட்டைப் படமாக இருந்தால் ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்து வைத்து எடுப்பதுதான் நல்லது என்று சொன்னேன். ஆல்பத்தைப் புரட்டினேன். கடைசி அட்டைக்குள் ஒரு சின்னக் கவர் செருகியிருந்தது. உள்ளே ஒரு துண்டு நெகட்டிவ். ஆறு படம்.

அக்காவின் முகம் மலர்ந்தது. "அட, இது இருக்குதா! கல்ராயன் மலைல எடுத்தது. நான் அப்ப மூணாவது படிக்கிறேன். ஜீப்புல போனோம். அங்கியே ஆக்கி சாப்ட்டோம். இதுல பாரு, எங்கம்மா எப்பிடி சிரிச்சிக்கினு இருக்காங்க. அதுக்கப்பறம் எந்த போட்டோலயும் அவங்க சிரிக்கல."

அவருடைய அம்மா ராணியம்மாள் அதற்கு முந்தைய வருடம்தான் இறந்திருந்தார்.

அந்த ஆறில் இரண்டுக்குத்தான் அட்டைப் படம் இருந்தது. இரண்டும் மங்கிப்போய், பின்னணி கரிபிடித்த மாதிரி கறுப்பாக இருந்தது. நெகட்டிவை ஸ்கேனரிலும் எடுக்கலாம், ஆனால் அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு என்றேன். கீழிருந்து வெளிச்சம் வரும் பலகையில் பிலிமை வைத்து, மேலே கேமராவை நிறுத்தி, ஒவ்வொரு படமாக எடுப்பது. நேரம் ஆகும். அறை இருட்டாக இருக்க வேண்டும். ஆனால் பிரிண்ட் போட்டவன் இருட்டென்று விட்ட இடத்தில் என்ன இருந்தாலும் அப்படி எடுத்தால் வெளியே வந்துவிடும்.

"அப்ப அந்த மாதிரியே எடு," என்றார். "எங்கம்மா மூஞ்சி திரை முழுக்கத் தெரியணும்."

அன்று மாலையே அட்டைப் படங்களை ஸ்கேனரில் ஏற்றினேன். அருவித் தண்ணீர் தேங்கும் குட்டை. அதன் கரையில் மூன்று பேர். இளவயது ராணியம்மாள் பல் தெரியச் சிரிக்கிறார். ஒரு சிறுமி கையில் முறுக்கோடு நிற்கிறாள். பக்கத்தில் கட்டம் போட்ட சட்டையில் சுப்புராயன், மனைவியின் தோளில் கை வைத்திருக்கிறார். பின்னால் புதர். புதருக்குள் கறுப்பு. அவ்வளவுதான். மாதிரிக்கு ஒன்றை அக்காவுக்கு அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் அக்கா எண்ணிலிருந்து அழைப்பு. பேசியது ஆண் குரல்.

"யாரும்மா நீ? பிலிம் உங்கிட்டயா இருக்குது?"

"ஆமாங்க ஐயா."

"அதுல கைய வெக்காத. அட்டைய போன்ல புடிச்சி குடு, போதும். பிலிம நான் வந்து வாங்கிக்கிறேன்."

சரிங்க என்பதற்குள் துண்டித்துவிட்டார். அடுத்த ஐந்து நிமிடத்தில் அக்காவே பேசினார். "அப்பா எல்லாத்துக்கும் கத்துவாரு, நீ கண்டுக்காத. எங்கம்மா படம் எனக்கு வேணும். நாளைக்கே எடுத்துடு."

எடுத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஜன்னலில் கறுப்புத் துணியை இழுத்துவிட்டு, கதவை மூடி, விளக்கை அணைத்தேன். வெளிச்சப் பலகை மட்டும் மேசையில் வெள்ளையாக எரிந்தது. பிலிமைக் கையில் எடுத்தேன்.

ஈரமாக இருந்தது.

முந்தின நாள் உலர்ந்து சுருண்டுதான் இருந்தது. மெல்லிய துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பார்த்தேன். திரும்பவும் பொடிப்பொடியாக நீர்த்துளி. மறுபடி துடைத்தேன். கவரில் ஈரம் இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் படத்தை எடுத்தேன். க்ளிக். கேபிள் வழியாக லேப்டாப்பில் வந்து விழுந்தது. நிறங்களைத் திருப்பிப்போட்டேன். ராணியம்மாளின் சிரிப்பு அவ்வளவு தெளிவாக வந்தது. மூக்குத்தி மின்னியது. எனக்கே சந்தோஷமாக இருந்தது.

பின்னணி ரொம்ப இருட்டாக இருக்கிறதே என்று இருண்ட பகுதியை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்கினேன்.

புதருக்குள் ஒரு கை தெரிந்தது.

மேலே தூக்கிய கை. அதில் ஒரு விறகுக்கட்டை.

கிளையாக இருக்கும் என்று பெரிதாக்கிப் பார்த்தேன். விரல்கள் இருந்தன. கட்டைக்குக் கீழே ஒரு தலை. அந்தத் தலையின் மேல் இரண்டு கைகள், அடியைத் தடுக்கிற மாதிரி.

அடுத்த படத்தை எடுத்தேன். முன்னால் அதே மூன்று பேர். சிறுமி முறுக்கைக் கடிக்கிறாள். பின்னால் அந்த ஆள் மண்டியிட்டிருந்தான். ஒரு கை முழங்கைக்குக் கீழே ஒடிந்து தொங்கியது.

மூன்றாவது. கீழே விழுந்திருந்தான். வாய் திறந்திருந்தது. நான்காவது. அடித்தவன் அவன் கழுத்தில் கால் வைத்திருந்தான். ஐந்தாவது. கட்டை இல்லை. இரண்டு கைகளாலும் ஒரு கல்லைத் தலைக்கு மேலே தூக்கியிருந்தான்.

எல்லாவற்றிலும் முன்னால் ராணியம்மாள் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது படத்தில் அடித்தவன் இல்லை. கீழே கிடந்தவன் மட்டும் இருந்தான். ஒரு பக்க முகமே இல்லை. மிச்சமிருந்த ஒரு கண் திறந்திருந்தது. அது நேராக, படம் எடுத்தவரைப் பார்த்தது.

திரும்பி ஐந்தாவது படத்துக்குப் போனேன். கல்லைத் தூக்கியவனின் முகத்தைப் பெரிதாக்கினேன். இலை பாதி மறைத்திருந்தது. சட்டை தெரிந்தது. கட்டம் போட்ட சட்டை.

முன்னால் மனைவியின் தோளில் கை வைத்து நிற்கிறவர் போட்டிருப்பதும் அதே சட்டைதான். அதே மீசை. அதே ஆள்.

அந்த நேரத்தில்தான் சத்தம் கேட்டது. மேசைக்குக் கீழே. ஈரத் துணியைக் கல்லில் அடிப்பது போல.

தொப்...

கீழே கடையில் டைல்ஸ் பெட்டி இறக்குகிறார்கள் என்று நினைத்தேன்.

தொப்...

என் பாதத்துக்குப் பக்கத்தில் கேட்டது. காலை இழுத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே ஓடினேன். வெயிலில் கண் கூசியது. டீக்கடையில் நின்று ஒரு டீ குடித்தேன். பழைய கேமராக்களில் பிலிம் சரியாக நகராவிட்டால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு படம் விழுவது உண்டு. அப்படித்தான் இது. ஒரே சுருளில் யாரோ இரண்டு முறை எடுத்திருக்கிறார்கள். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். அதனால் ஒருவர் முன்னாலும் பின்னாலும் இருக்க முடியும்.

சரி. ஆனால் பின்னால் நடந்தது கொலை. அதுவும் நிஜம்தானே?

அக்காவுக்குப் போன் செய்தேன். "கொஞ்சம் நேர்ல வாங்கக்கா. போன்ல சொல்ற விஷயம் இல்ல."

"அப்பாவும் வர்றேன்னு நிக்கிறாரு. பிலிம வாங்கியே ஆவணுமாம்."

"அவரு வேணாங்கக்கா..."

"வண்டில ஏறிட்டாரும்மா."

மதியம் இரண்டு மணி வாக்கில் வந்தார்கள். சுப்புராயன் எழுபது வயதுக்குத் திடமான ஆள். கோடாலி பிடித்த கை, பரந்த தோள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. செருப்போடு உள்ளே வந்தார். நான் அப்போதுதான் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு மறுபடி மேசைக்கு வந்திருந்தேன். பிலிம் இன்னும் பலகையில்தான் இருந்தது. லேப்டாப்பை மூடியிருந்தேன்.

"எங்க பிலிமு?"

"ஐயா, அக்காகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு..."

"அவகிட்ட இன்னா பேச்சி? எடு."

மேசைக்கு வந்து பிலிமைப் பிடுங்கினார். நான் அதன் நுனியைப் பிடித்துவிட்டேன். ஏன் பிடித்தேன் என்று தெரியவில்லை. அவர் மறு கையால் என் மணிக்கட்டை முறுக்கினார். எலும்பு நெரிந்தது. நான் கத்தினேன்.

"அப்பா! இன்னா பண்றீங்க? வுடுங்க அந்தப் பொண்ண!"

மகளை முழங்கையால் தள்ளினார். அக்கா கதவில் மோதி விழுந்தார். கதவு சாத்திக்கொண்டது. பெரியவர் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். என் கண்முன்னாலேயே குச்சியைக் கிழித்துப் பிலிமின் ஓரத்தில் வைத்தார்.

பற்றவில்லை. உஸ்ஸென்று அணைந்தது.

இன்னொரு குச்சி. அதுவும் அணைந்தது. பிலிமிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் விரல் வழியாக ஒழுகி, முழங்கை வழியாக இறங்கி, தரையில் சொட்டியது. அறை முழுக்க மக்கிய இலை வாசம்.

அவர் முகம் மாறியது. பிலிமைக் கீழே போட்டார்.

டியூப் லைட் அணைந்தது.

ஜன்னலில் கறுப்புத் துணி. கதவு மூடியிருந்தது. மேசையில் வெளிச்சப் பலகை மட்டும் எரிந்தது. கீழிருந்து வந்த அந்த வெள்ளை வெளிச்சத்தில் அவர் முகம் பிணம் மாதிரி தெரிந்தது.

எங்கேயோ தண்ணீர் கொட்டும் சத்தம்... அருவி மாதிரி. அறைக்குள்ளேயே.

அப்போது கேமரா தானாக இயங்கியது.

க்ளிக்.

தொப்!

சுப்புராயன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். எதையோ தடுப்பது போல. எதிரில் யாரும் இல்லை. அவர் முன்கை நடுவில் மடங்கியது. ஒரு விறகு முறிகிற சத்தம்.

அவர் அலறிய அலறல் இப்போதும் என் காதில் இருக்கிறது.

க்ளிக்.

தொப்!

மண்டியிட்டு விழுந்தார். தோள்பட்டை உள்ளே இறங்கியது. வெள்ளைச் சட்டையில் ரத்தம் பூத்தது.

"ராசு..." என்றார். "டேய் ராசு... வேணான்டா..."

அக்கா கதவை இழுத்துக்கொண்டிருந்தார். திறக்கவில்லை. "யாரு ராசு? அப்பா! யாரு?"

க்ளிக்.

தரையில் மல்லாந்து விழுந்தார். வாய் திறந்திருந்தது.

நான் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். எப்படியாவது மேசைக்கு அடியில் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். குனிந்தேன். என் காதுக்குப் பின்னால் இடி விழுந்தது.

காற்று இல்லை அது. கட்டை. சொரசொரப்பான மரப்பட்டை என் தோலைக் கிழித்துக்கொண்டு போனது எனக்குத் தெரிந்தது.

சுவரோரம் போய் விழுந்தேன்.

க்ளிக்.

அவர் கழுத்து அழுந்தியது. தோல் உள்ளே போனது. மிதித்த மாதிரி. ஐந்து விரலும் குதிகாலும் பதிந்த மாதிரி. கண் பிதுங்கியது.

"வுட்டுடு..." அக்கா கை கூப்பி அழுதார். யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் சுற்றிச்சுற்றிக் கும்பிட்டார். "யாரா இருந்தாலும்... எங்கப்பாவ வுட்டுடு..."

க்ளிக்.

ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம் அவர் முகத்தின் ஒரு பக்கம்...

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தத்தை மூட முடியவில்லை.

க்ளிக்.

அதோடு எல்லாம் நின்றது.

விளக்கு வந்தது. கதவு தானாகத் திறந்துகொண்டது. வெளியிலிருந்து தோளால் மோதிக்கொண்டிருந்த கடை ஆட்கள் இரண்டு பேர் உள்ளே வந்து விழுந்தார்கள்.

அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். பெரியவரைப் பார்த்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எனக்குத் தையல் போட்டபடியே கேட்டார். "எத்தனை பேரும்மா அடிச்சாங்க? கட்டையாலயும் அடிச்சிருக்காங்க, கல்லாலயும் அடிச்சிருக்காங்க." என் தலையிலிருந்து ஒரு மரச்சிராயை இடுக்கியால் எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். என் அறையில் விறகு கிடையாது. மர மேசை கூடக் கிடையாது.

சுப்புராயன் கண் திறக்காமலே மூன்றாம் நாள் போய்விட்டார்.

போலீஸ் என்னை உட்காரவைத்து விசாரித்தது. மாடிப்படி டைல்ஸ் கடைக்கு உள்ளேதான் இருக்கிறது. அப்பாவும் மகளும் தவிர யாரும் ஏறவில்லை என்று கடை ஆட்கள் சத்தியம் செய்தார்கள். கடையின் சிசிடிவியும் அதையே சொன்னது. நான்தான் அடித்தேன் என்று சொல்லலாம். ஆனால் எதால் அடித்தேன் என்பது கிடைக்கவில்லை. ராதிகா அக்காவும் கண்ணால் பார்த்ததை மாற்றாமல் சொன்னார். கேமராவின் கார்டில் அது தானாக எடுத்த ஆறு படங்களும் இருந்தன. பலகையில் பிலிம் இல்லாதபோது எடுத்தவை. ஆறும் வெறும் வெள்ளை.

காரியம் முடிந்த மறுநாள் அக்கா என் அறைக்கு வந்தார். கண் வீங்கியிருந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"காட்டு. எங்கப்பா எத எரிக்க வந்தாரு?"

காட்டினேன். ஆறையும் பார்த்தார். ஐந்தாவது படத்தில் வெகுநேரம் நின்றார். அழவில்லை.

"ராசுன்னு ஒருத்தரு எங்க நெலத்துல வேல செஞ்சாரு," என்றார் கடைசியில். "எனக்கு ஈச்சம்பழம் பறிச்சிக் குடுப்பாரு. ஒருநாளு காணாம பூட்டாரு, எப்பன்னு எனக்கு நெனவில்ல. எவளையோ இட்டுக்கினு பெங்களூர் பக்கம் ஓடிட்டான்னு அப்பா சொன்னாரு. அவரு சம்சாரம் குஞ்சம்மா இன்னும் காலனித் தெருவுலதான் இருக்காங்க."

"இன்னா செய்யப் போறீங்கக்கா?"

"செத்தது எங்கப்பா. அவரப் பத்தி வெளிய சொன்னா ஊருல எங்க தலை நிமிராது." லேப்டாப்பை மூடினார். "ஆனா அந்தம்மா எத்தினி வருசமா ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு பேரு வாங்கிக்கினு கெடக்கறாங்க. ஏந்திரு. ஸ்டேஷனுக்குப் போலாம்."

சொந்தக்காரர்கள் எல்லோரும் எதிர்த்தார்கள். அண்ணன் முறை உள்ள ஒருவர் அக்காவின் கன்னத்தில் அறைந்தார். அக்கா அறை வாங்கிய கன்னத்தோடுதான் என்னுடன் ஸ்டேஷன் படி ஏறினார்.

ஆறாவது படத்தில் ஒரு பிளந்த பாறையும் அதன் அருகே ஒரு கடுக்காய் மரமும் தெரிந்தன. கச்சிராயபாளையம் வழியாகப் போலீஸ் மலையேறியது. கரியாலூருக்கு மேலே ஒரு மலைக்காரர் படத்தைப் பார்த்ததுமே இடத்தைச் சொன்னார். மரம் பெரிதாகியிருந்தது. பாறை அப்படியே இருந்தது. தோண்டினார்கள். எலும்பு கிடைத்தது. மண்டையோட்டில் ஒரு பக்கம் இல்லை. இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் ஒரு செப்புத் தாயத்து. குஞ்சம்மாள் அதைக் கையில் வாங்கி, "நான் கட்டனது," என்று மட்டும் சொன்னாராம்.

யார் இந்தப் படங்களை எடுத்தது என்று இன்ஸ்பெக்டர் தேடினார். ஒரே பிலிமில் இரண்டு முறை படம் விழும் என்று நான் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டார். கொலையை மறைந்திருந்து பார்த்த யாரோ ஒருவர் அதே கேமராவில் எடுத்திருக்க வேண்டும், அந்தச் சாட்சி உயிரோடு இருக்கலாம் என்றார். எனக்கும் அதை நம்பத்தான் ஆசை. நம்பினால் தூக்கம் வரும்.

எலும்பை அடக்கம் செய்த மறுவாரம் அக்காவும் நானும் குஞ்சம்மாள் வீட்டுக்குப் போனோம். சங்கராபுரத்துக்கு வெளியே ஒரே ஓர் அறை உள்ள காலனி வீடு. அறுபதை நெருங்கும் ஒல்லியான அம்மா. அத்தனை வருடம் வைத்த பொட்டை அப்போதுதான் அழித்திருந்தார். நெற்றியில் அந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

அக்கா வாசலிலேயே அவர் காலில் விழுந்தார். குஞ்சம்மாள் தூக்கவும் இல்லை, விலகவும் இல்லை. சற்று நேரம் கழித்து, "ஏந்து வா. உள்ள வா," என்றார்.

பாயில் உட்கார்ந்தோம். அவரே பேச ஆரம்பித்தார்.

"எங்க தெருவுக்கு வூட்டு மனைப் பட்டா கேட்டு எங்க வூட்டுக்காரருதான் எல்லாரையும் சேத்துக்கினு மனு குடுத்தாரு. அந்த எடத்த உங்கப்பா வளச்சிப் போட்டிருந்தாரு. ஆனா ஒரு வார்த்த கோவமா பேசல. மலைக்குப் போறோம், நீங்க ரெண்டு பேரும் ஆக்கிப்போட வாங்கன்னு கூப்ட்டாரு. போனோம். சாப்பாடு முடிஞ்சி மதியமா உங்களயும் என்னியும் ஜீப்புல அனுப்பிட்டாரு. நானும் ராசுவும் பாத்திரத்த எடுத்துக்கினு பின்னாடி வர்றோம்னாரு. ராத்திரி அவரு மட்டும் வந்தாரு, பாதி வழில எறங்கி ஓடிட்டான்னு சொல்லிட்டாரு."

அக்கா தலை குனிந்தபடியே சொன்னார். "ஜீப்புல என் மடியிலதான் கேமரா இருந்திச்சி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. தெறந்துடுவேன்னு அம்மா திட்டிக்கினே வந்தாங்க. வூடு வர வரைக்கும் நான்தான் வெச்சிருந்தேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். கேமரா மலையிலிருந்து இறங்கிய பிறகுதான் கொலை நடந்திருக்கிறது. அப்படியானால் ஒளிந்திருந்து எடுத்த சாட்சி யாரும் இல்லை. இரண்டு முறை விழுந்த படமும் இல்லை.

"எனக்கு அந்தப் படத்தக் காட்டு கண்ணு," என்றார் குஞ்சம்மாள்.

வேண்டாம்மா என்றேன். காட்டு என்று கையை நீட்டினார். போனில் எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். சிரிக்கும் ராணியம்மாள். முறுக்கு வைத்திருக்கும் சிறுமி. கட்டம் போட்ட சட்டை. பின்னால் புதர்.

ஆறாவதில் நின்றார். திறந்திருந்த அந்த ஒற்றைக் கண்ணை விரல் நுனியால் தொட்டார்.

"இது காலைல எடுத்தது. அப்ப ஒல கூட கொதிக்கல," என்றார். குரல் உடையவே இல்லை. "தானும் படத்துல நிக்கணும்னு ஐயா எங்க வூட்டுக்காரர கூப்ட்டு கேமராவக் கையில குடுத்தாரு. இத அமுக்குடா ராசுன்னாரு. ஆறு வாட்டி அமுக்கிட்டு அடுப்பாண்ட ஓடியாந்தாரு. குஞ்சு, நான் போட்டோ புடிச்சேன்டின்னு அப்பிடி ஒரு சிரிப்பு..."

போனை என்னிடம் நீட்டினார்.

"கீழ கெடக்கறதும் எங்க வூட்டுக்காரருதான் கண்ணு. புடிச்சதும் எங்க வூட்டுக்காரருதான்."